கப்பல் பிடிக்க ஒரு விமானம் (காரைக்காலில் இருந்து)

தலைப்பைப் பார்த்துவிட்டு, கடலோர ஊர்க்காரர்களுக்கு கப்பல் ஏற விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரைக்காலில் கடல் இருக்கிறது, அரசலாறு கடலில் கலக்கிற இடம் இருக்கிறது, 2009-இல் திறந்த துறைமுகமும் இருக்கிறது. ஆனால் அது சரக்குத் துறைமுகம். நிலக்கரி வரும், போகும். மனிதர்கள் ஏறுகிற சொகுசுக் கப்பல் அங்கே வராது. விமான நிலையமோ ஊரில் கிடையாது. ஆக, மூன்று இரவு கப்பலில் போய்வர ஆசைப்படுகிற காரைக்கால்காரர் முதலில் பஸ் பிடிக்க வேண்டும், பிறகு விமானம் பிடிக்க வேண்டும், அதன் பிறகுதான் கப்பல். :-)

இந்தக் கதையின் நாயகி திருமலைராயன்பட்டினத்து டீச்சர் ஒருவர். ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். டீச்சரின் அண்ணன் பாரிஸில் இருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை. காரைக்காலில் இது ஒன்றும் அதிசயமில்லை. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர். 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு நிற பாஸ்போர்ட் இருப்பது அங்கே சகஜம்.

2025 பிப்ரவரி கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு போய்த் திரும்பும் ஒரு கப்பலில் மூவருக்கும் இடம் போட்டாகிவிட்டது. தன் பங்குக்கும் மகள் பங்குக்கும் பணம் கட்டியது டீச்சர்தான், ஓய்வுபெற்றபோது வந்த பணத்திலிருந்து. தள்ளுபடி விலை என்பதால் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஏன் பினாங்கு? டீச்சரின் அப்பா வாலிப வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அங்கே போய் சில வருடங்கள் கடை வேலை பார்த்தவர். அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டீச்சருக்கு நாற்பது வருட ஆசை.

அந்தக் காலத்தில் விஷயம் எவ்வளவு சுலபமாக இருந்தது பாருங்கள். ரஜுலா என்ற கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் போய் வந்தது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதன் பிறகு அதே வழியில் ஓடியது எம்.வி. சிதம்பரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிதம்பரம் பிறப்பால் பிரெஞ்சுக் கப்பல்! 1966-இல் டங்கர்க்கில் கட்டி 'பாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியக் கப்பல் கழகம் 1972-இல் அதை வாங்கிப் பெயர் மாற்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்து போனார்கள். அதோடு அந்தப் பயணிகள் சேவையே முடிந்துபோனது. காரைக்காலிலிருந்து நாகைக்கு இருபது கிலோமீட்டர். டீச்சரின் அப்பா மாட்டு வண்டியில் போய் ஏறிய கப்பலுக்கு மகள் விமானம் தேட வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

காரைக்காலுக்குப் பக்கத்து சர்வதேச விமான நிலையம் திருச்சி. சுமார் 150 கிலோமீட்டர். நாகை, திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ரயில் உண்டு, பஸ் உண்டு. சென்னை அதைப்போல இரண்டு மடங்கு தூரம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு சென்னை பஸ் பயணிகளுக்கு ஒரு வகையில் வசதிதான். ஊருக்குள் போகாமல் அங்கேயே இறங்கி மீனம்பாக்கம் போய்விடலாம். ரயிலில் போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். புதுச்சேரியில் விமான நிலையம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2024 டிசம்பரில் அங்கே மறுபடி தொடங்கிய விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான். இந்த வேலைக்கு அது சுற்றுவழி.

மகள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானங்கள் உண்டு. பறக்கும் நேரம் நாலு மணி நேரம். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் அங்கே விடிந்திருக்கும். கப்பல் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. ஏறும் வாசல் மூடுவது 3.30-க்கு. வெள்ளி விடிகாலை கிளம்பும் விமானம்தான் இருப்பதிலேயே மலிவு. அதற்கு முந்தைய நாள் விமானத்தில் ஆளுக்கு ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் கூடுதல்.

"அம்மா, காலையில ஏழரைக்கு இறங்கிடலாம். கப்பலுக்கு எட்டு மணி நேரம் இருக்கு. ஒரு நாள் முன்னாடி போய் என்ன பண்ணப் போறோம்?"

"லேட்டாச்சுன்னா?"

"எட்டு மணி நேரமா லேட்டாகும்?"

"ஏண்டி, பிளேனே போகலன்னா?"

இந்த இடத்தில் டீச்சர் கேட்டதுதான் சரியான கேள்வி. விமானம் தாமதமாவது வேறு, ரத்தாவது வேறு. மூன்று மணி நேரத் தாமதத்தை எட்டு மணி நேர இடைவெளி தாங்கிவிடும். ரத்தானால்? பெரிய ஊரில் அடுத்த விமானம் இரண்டு மணி நேரத்தில் இருக்கும், திருச்சி மாதிரி ஊரில் அதே கம்பெனியின் அடுத்த விமானம் அன்றிரவோ மறுநாளோ. கம்பெனிக்காரர்கள் அதில் மாற்றித் தருவார்கள், அல்லது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கப்பல் டிக்கெட்டைப் பற்றி அவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. கப்பல்காரருக்கும் விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை, சேர்த்து ஒரே பேக்கேஜாக அவரே விற்றிருந்தால் தவிர. தனித்தனியாக வாங்கினால் நடுவில் நிற்கிற பயணிதான் முழு நஷ்டத்தையும் சுமக்க வேண்டும். ஆகவே மலிவு விமானம் என்றால் டிக்கெட்டில் அச்சடித்த தொகையை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு.

இதே தர்க்கம்தான் 'திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட்' என்று பிரித்து வாங்குகிறவர்களுக்கும். சில நாட்களில் கூட்டிப் பார்த்தால் குறைவாகத்தான் வரும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் மட்டுமே அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

கோலாலம்பூர் வழியும் பார்த்தாள் மகள். திருச்சியிலிருந்து அங்கே போய், பஸ்ஸில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் போகலாம் என்று அறிவித்த பிறகு இந்த வழிக்கு மவுசு. மிச்சமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பஸ் ஐந்தாறு மணி நேரம், வாரக் கடைசியில் எல்லையில் வரிசை. டீச்சர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முட்டி வலிக்கும்."

இன்னொரு சூட்சுமம் பலருக்குத் தெரிவதில்லை. விமானத்தின் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை இல்லை. விலைவாரியாகப் பிரித்து ஒவ்வொரு விலையிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பார்கள். குறைந்த விலையில் ஒரே ஒரு இருக்கை மிச்சமிருக்கும்போது நீங்கள் இரண்டு பேருக்குத் தேடினால், கணினி இரண்டு பேருக்கும் மேல் விலையைக் காட்டிவிடும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். மகள் அப்படித்தான் செய்தாள். ஒரு டிக்கெட் 1,100 ரூபாய் குறைந்தது, இன்னொன்று பழைய விலை. பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கவில்லை என்று டீச்சருக்கு வருத்தம்.

லக்கேஜ் இன்னொரு தலைவலி. மலிவு டிக்கெட் பலவற்றில் கைப்பை மட்டும்தான், பெட்டிக்குத் தனிக் காசு. அதை முதலிலேயே இணையத்தில் கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் வேறு விலை. மூன்று நாள் கப்பலுக்குப் பெட்டி தேவையில்லை என்றாள் மகள். சிங்கப்பூர் உறவினருக்கு முறுக்கும் அதிரசமும் வேண்டுமே என்றார் டீச்சர். பெட்டி ஒன்று சேர்ந்தது. இதற்கெல்லாம் எந்த இணையதளமும் வழி சொல்லாது!

நாள் பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. 2025-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. சிங்கப்பூர்க்காரர்கள் ஊருக்கு வந்து திரும்புகிற நாட்களில் திருச்சி விமானங்களில் இடமே இருக்காது, இருந்தால் விலை கண்ணைக் கட்டும். பிப்ரவரி கடைசி என்பதால் அந்தக் கூட்டத்தில் இவர்கள் மாட்டவில்லை. பள்ளி விடுமுறை மாதங்களில் இதே தேடலைத் தேடினால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

விசா விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே வித்தியாசம். அண்ணனின் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரில் விசா வேண்டாம். தங்கைக்கும் மருமகளுக்கும் வேண்டும். அதுவும் கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால், இரண்டாம் முறை உள்ளே நுழைய அனுமதி இருக்கிற விசாவா என்று பார்த்து வாங்க வேண்டும். விமானச் செலவில் நூறு நூறாக மிச்சம் பிடிக்கிறவர்கள் இதைக் கோட்டை விட்டால் அத்தனையும் வீண்.

கடைசியில் வியாழன் காலை போய்ச் சேரும் விமானம்தான். ஒரு இரவுக்கு ஹோட்டல் என்றால் சிங்கப்பூரில் அந்த நாலாயிரத்தோடு இன்னும் பல ஆயிரம் சேர்ந்திருக்கும். நல்லவேளை, டெல்டா மாவட்டக்காரர்களுக்கு சிங்கப்பூரில் ஒரு சித்தப்பாவோ ஒன்றுவிட்ட அக்காவோ இல்லாமல் போவது அபூர்வம். முறுக்குப் பெட்டி வீண்போகவில்லை. மறுநாள் எம்.ஆர்.டி. ரயிலில் மரினா சவுத் பியர் என்ற கடைசி நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே கப்பல் முனையம். அங்கே இரண்டு முனையங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012-இல் திறந்த மரினா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் உள்ள பழையது ஒன்று. டிக்கெட்டில் எது என்று பார்க்காமல் டாக்ஸி ஏறினால் வேறு இடத்தில் போய் நிற்பீர்கள்.

பாரிஸ் அண்ணன் என்ன செய்தார்? வெள்ளிக்கிழமை காலை வந்திறங்கும் விமானத்தில்தான் டிக்கெட் எடுத்திருந்தார். விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவர் குளித்து, சாப்பிட்டு, கடை வீதி சுற்றி, இரண்டு மணிக்கு முனையத்துக்கு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, ஒரு நாள் முன்னாடியே வந்து உட்கார்ந்தியாமே?" என்று சிரித்தார்.

"நீங்க வர்ற வரைக்கும் எனக்கு வயித்தக் கலக்குச்சுண்ணே, அது போதாதா?"

திருச்சியிலிருந்து மகள் முதலில் பார்த்து வைத்திருந்த அந்த மலிவு விமானமும் அன்று சரியான நேரத்துக்கே வந்திருந்தது. மகள் அதை ஃபோனில் பார்த்து அம்மாவிடம் காட்டவும் செய்தாள். டீச்சருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் அந்த எட்டாயிரம் வீண் என்று சொல்ல முடியாது. திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டியவர், வியாழன் இரவு நிம்மதியாகத் தூங்கியதற்கு அது விலை. எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. இளவட்டங்கள், போனால் போகட்டும் என்று இருப்பவர்கள், அண்ணன் வழியிலேயே போகலாம்.

பினாங்கில் ஒரு பகல் முழுக்க நேரம் இருந்தது. டீச்சர் இறங்கி, அப்பா சொன்ன கடைத்தெருவைத் தேடினார். கடையின் பெயர் நினைவில்லை, தெரு மட்டும்தான். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

விமானமே வேண்டாம் என்கிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்தே 2022 ஜூனில் கார்டீலியா கப்பல் கிளம்பத் தொடங்கியது, 2023-இல் இலங்கைக்கும் போனது. மும்பையில் மழை கொட்டுகிற மாதங்களை ஒட்டித்தான் அது இந்தப் பக்கம் வரும். 2022-இல் புதுச்சேரிக்கு வந்தபோது, சூதாட்டம் இருக்கிறது என்ற எதிர்ப்பால் அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கடலோடு திரும்பிப் போனது. காரைக்கால்காரர்களின் சொந்த யூனியன் பிரதேசத்து வாசலில் நடந்த கதை இது.

இன்னும் பக்கத்தில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல். முதலில் காரைக்காலில் இருந்துதான் விடுவதாகப் பேச்சு, பிறகு நாகைக்குப் போய்விட்டது. 2023 அக்டோபர் 14-இல் 'செரியாபாணி' கிளம்பியது. தொடக்கக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். பருவமழை வந்ததும் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். சுமார் நாலு மணி நேரப் பயணம், வானிலை சரியில்லை என்றால் இல்லை. நீச்சல் குளமும் நாடக அரங்கும் கிடையாதுதான். ஆனால் காரைக்காலில் காலைக் காபி குடித்துவிட்டு டவுன் பஸ்ஸிலேயே போய் ஏறலாம். டீச்சர் இப்போது அதற்குத்தான் மகளைத் தேதி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.