அஸ்கிரியவுக்கு ஒரு பயணம்

மௌலவி ஒருவர் பயணக் கட்டுரை எழுதினால் அது மக்காவையோ மதீனாவையோ பற்றியதாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப் போவதோ கிரிக்கெட் பார்க்கக் கண்டிக்குப் போன கதை. சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தவர்கள். அபிசீனியர்களின் ஈட்டி விளையாட்டைப் பார்க்க அன்னையாருக்கு இடம் கொடுத்தவர்கள். ஆகவே விளையாட்டைப் பார்த்ததற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. புத்தளம் பகுதியில் ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தேன். உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆண்டு அது. ஆனால் போட்டி தொடங்குமுன்னரே ஜனவரி 31இல், றமழான் மாதத்தில், கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. 90 பேருக்கு மேல் மாண்டார்கள். இதனால் அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் இங்கு வந்து விளையாட மறுத்துவிட்டன. விருந்துக்குப் பந்தல் போட்டு வைத்த வீட்டில், வரவேண்டியவர்கள் வாசலோடு திரும்பிப் போனதுபோல் இருந்தது. அந்தக் கவலையைப் போக்க இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, அஸாருத்தீன் தலைமையில் கொழும்பு வந்து பெப்ரவரி 13ஆம் திகதி விளையாடினார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து மதரஸாவில் நாங்கள் ஒருவருக்கொருவர் முஸாபஹா செய்துகொண்டோம்.

சிம்பாப்வே வந்தது. அடுத்து கென்யா மார்ச் 6ஆம் திகதி புதன்கிழமை கண்டி அஸ்கிரிய மைதானத்தில் விளையாட இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் புனே நகரில் அந்தச் சின்ன அணி மேற்கிந்தியரை 93 ஓட்டங்களுக்குச் சுருட்டியிருந்தது. லாராவின் விக்கெட்டை எடுத்தவர் பெயர் ரஜப் அலி என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாங்கள் ஐந்து பேர். ஒருவனுடைய மாமா கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்தார். அவர் டிக்கட் எடுத்து வைத்திருந்தார். ஊர்க்காரரின் வேன் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வேனோட்டி சிங்களவர். மூத்த சகோதரரை அழைக்கும் சிங்கள முறையில் அவரை நாங்கள் 'அய்யா' என்போம். எல்லாம் சரி, ஹஸரத்திடம் அனுமதி வாங்க வேண்டுமே! நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸா திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கிரிக்கெட் என்றால் விடமாட்டார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். "குருநாகலில் ஒரு வலீமா இருக்கிறது ஹஸரத்" என்றோம். ஷவ்வால் கல்யாண மாதம். அவர் சந்தேகப்படவே இல்லை. "போய் வாருங்கள், மாப்பிள்ளைக்கு துஆச் செய்யுங்கள்" என்றார். அந்த வார்த்தை அன்று முழுவதும் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கண்டிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நிக்கவரெட்டிய, வாரியப்பொல என்று வயல்களும் தென்னந்தோப்புகளும் பின்னால் ஓடின. குருநாகல் தாண்டினால் காற்று மாறும், மலை தெரியும், மிளகுக் கொடிகள் தெரியும். ஆனால் அந்தக் காலத்துப் பயணத்தில் இயற்கைக் காட்சியைவிட அதிகம் கண்ணில் பட்டது சோதனைச் சாவடிதான். இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு, பையைத் திற. "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். "மெட்ச் பார்க்க" என்போம். துப்பாக்கி பிடித்த அந்நியர் ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொன்னோம். எங்களுக்கு ஓதித் தந்தவருக்கு மட்டும் பொய்யைச் சொல்லியிருந்தோம்.

மாவத்தகம கழிந்து ஒரு சாவடியில் வேன் நிறுத்தப்பட்டது. எங்கள் ஐவரில் ஒருவன் யாழ்ப்பாணத்தவன். சோனக தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பன்னிரண்டு வயதில் உம்மா வாப்பாவோடு உடுத்த உடுப்புடன் புத்தளம் வந்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவன். அவனுடைய அடையாள அட்டையில் முகவரி புத்தளம்தான். பிறந்த இடம் என்ற வரியில் மட்டும் யாழ்ப்பாணம் இருந்தது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவனைத் தனியே கூட்டிப்போய் வாங்கில் உட்கார வைத்தார்கள். எங்கள் நால்வரையும் போகலாம் என்றார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எதிரே தேநீர்க் கடை வானொலியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஜயசூரியவும் களுவிதாரணவும் விளாசுகிறார்கள் என்று சனம் கூவியது. எங்களில் ஒருவன் மெல்லச் சொன்னான்: "மச்சான், நாங்க போவோம். வரக்குள்ள அவனக் கூட்டிட்டுப் போகலாமே." வாங்கில் இருந்தவனும் கையை அசைத்து, "நீங்க போங்கடா, நான் இருக்கன்" என்றான். நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் அப்போது அஸ்கிரியவில் இருந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக.

வேன் அய்யாதான் எஞ்சினை நிறுத்தினார். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அஞ்சு பேரை ஏத்தி வந்தேன். அஞ்சு பேரோடதான் போவேன்" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொல்லிவிட்டு, நேரே பொறுப்பதிகாரியிடம் போய்ப் பேசினார். அந்த அதிகாரியும் கெட்டவரல்லர். குண்டு வெடித்து ஐந்து வாரமே ஆன நாட்டில் தன் கடமையைச் செய்தவர். "இவன் யார் என்று பொறுப்பாகச் சொல்ல யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். மதரஸாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொடுத்தோம். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

ஹஸரத்துக்குச் சிங்களம் நன்றாக வரும். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. கிரிக்கெட், கண்டி, யாழ்ப்பாணம் என்ற சொற்கள் விழுந்தன. பிறகு அதிகாரி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு வந்து அடையாள அட்டையை நீட்டினார். "உன்னுடைய குருவானவர், நீ அவருடைய பிள்ளை என்கிறார். சரி, போ. அரவிந்த ஆடுகிறான்" என்று சிரித்தார்.

அஸ்கிரிய மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அது, மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போலப் பதிந்திருக்கும். படிகளின் உச்சிக்கு வந்ததும் கீழே பச்சைப் புல்வெளி, சுற்றிலும் தலைகள், பப்பரே வாத்தியம், ஒலிபெருக்கி. நாங்கள் இறங்க ஓடினோம். யாழ்ப்பாண நண்பன் மட்டும் முதல் படியிலேயே நின்றுவிட்டான். என் கையைப் பிடித்தான். அவனுடைய கை குளிர்ந்திருந்தது.

"இவ்வளவு சனத்தோட கடைசியா நான் ஒரு மைதானத்தில நின்டது ஜின்னா மைதானத்திலதான்" என்றான்.

யாழ்ப்பாணம் உஸ்மானியாக் கல்லூரியோடு உள்ள ஜின்னா மைதானத்தில்தான் அவன் கிரிக்கெட் பழகினான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்களை அழைத்ததும் அதே மைதானத்துக்குத்தான். அங்கே நிற்க வைத்துத்தான், சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகுமாறு கட்டளையிட்டார்கள். விளையாடிய இடத்திலேயே விரட்டப்பட்டவன் அவன். அன்று காலை சாவடியில் எங்களைப் போகச் சொன்னபோது அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாய் திறக்காமல் நின்றதும் உறைத்தது.

"இறங்குவமா?" என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, "இறங்குவம்" என்றான்.

புல் மேட்டில் இடம் பிடித்தோம். அரவிந்த டி சில்வாவும் குருசிங்கவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து 180 ஓட்டங்களுக்கு மேல் குவித்தார்கள். அரவிந்த அடித்த ஓர் ஆறு எங்கள் தலைக்கு மேலே வந்ததுபோல் தோன்றியது. சனம் எழுந்தது. பக்கத்தில் பார்த்தால், யாழ்ப்பாண நண்பன் தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான்! முன்னால் இருந்த வயதான சிங்களவர் ஒருவர் திரும்பி, எந்த ஊர் என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவனோ கொஞ்சமும் தயங்காமல் "யாபனய" என்றான். அவர் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார். பின் நகர்ந்து தன் பாயில் இடம் விட்டு, கடலைச் சரையை நீட்டினார்.

அரவிந்த 115 பந்துகளில் 145. உலகக் கிண்ணத்தில் இலங்கையர் ஒருவர் பெற்ற முதல் சதம் அது. குருசிங்க 84. அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க 40 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 75. மொத்தம் 5 விக்கெட்டுக்கு 398. ஒருநாள் போட்டி வரலாற்றில் அதுவரை யாரும் பெறாத ஓட்டங்கள். பத்து ஆண்டுகள், 2006 மார்ச் வரை அந்தச் சாதனை நின்றது.

இடைவேளையில் ஒதுக்குப்புறமாக ஓரிடம் பார்த்து ளுஹர் தொழ நின்றோம். அங்கே ஒரு சிக்கல்! பயணத்தில் இருக்கிறோம், சுருக்கிச் சேர்த்துத் தொழலாம் என்றான் ஒருவன். "பாவமான பயணத்துக்குக் கஸ்ர் சலுகை இல்லை என்று ஓதினோமே, பொய் சொல்லி வந்தவர்கள் நாம்" என்றான் மற்றவன். பஃத்ஹுல் முஈன் ஓதிய ஐவருக்கும் நெற்றி வியர்த்தது. பேணுதலாக நான்கு ரக்அத்தும் தொழுதோம். அஸரையும் அதன் நேரத்தில் நான்காகவே தொழுதோம்.

கென்யாவும் சோரவில்லை. ஸ்டீவ் டிக்கோலோ 96 ஓட்டங்கள் எடுத்தபோது கண்டிச் சனம் தம்முடைய பிள்ளைக்குப் போலக் கைதட்டியது. கடைசியில் 7 விக்கெட்டுக்கு 254. இலங்கைக்கு 144 ஓட்டங்களால் வெற்றி. பெரிய அணிகள் அஞ்சி நின்ற நாட்டுக்கு வந்து, தோற்று, சிரித்த முகத்தோடு கைகொடுத்துப் போன அந்த விருந்தாளிகளை இன்றும் மறக்க முடியவில்லை.

மீரா மக்காம் பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பினோம். வானத்தில் ஏறக்குறைய முழு நிலவு. காலையில் நின்ற சாவடியில் இந்த முறை வேனை நிறுத்தாமலே கையசைத்தார்கள். ஆனால் வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. கண்டியிலிருந்து விலக விலக, ஹஸரத்தின் முகம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இரவு பதினொரு மணியிருக்கும். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் விழித்திருந்தார். ஸலாம் சொன்னோம். பதில் சொல்லிவிட்டு, "சாப்பிட்டீர்களா?" என்றார். பிறகு, "தொழுகை?" என்றார். தொழுத விதத்தையும், சுருக்காமல் விட்ட காரணத்தையும் சொல்லும்போதே ஒருவன் அழுதுவிட்டான். ஐவரும் பொய்யை ஒப்புக்கொண்டோம்.

ஹஸரத் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு பாடம் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "மஸ்அலாவைச் சரியாகப் படிக்கவில்லை நீங்கள். பாவத்துக்காகப் பயணம் போகிறவன் வேறு. போகும் பயணத்தில் பாவம் செய்கிறவன் வேறு. முதலாமவனுக்குத்தான் சலுகை இல்லை. விளையாட்டைப் பார்க்கப் போனது பாவமல்ல. நீங்கள் சுருக்கியே தொழுதிருக்கலாம். பாவம், என்னிடம் சொன்ன பொய். கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேன். இந்தப் பிள்ளையை மட்டும் தனியாக விடாதீர்கள் என்று சொல்லி ஒரு கடிதமும் கையில் தந்திருப்பேன். ஒரு மணி நேரம் அவன் வாங்கில் இருந்திருக்க வேண்டியதில்லை."

அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று யாழ்ப்பாண நண்பன் கேட்டான். "உன்னைத் தெரியுமா என்று கேட்டார். என் பிள்ளை என்றேன். வெளியே போக அனுமதி கொடுத்தீர்களா என்றார். கொடுத்தேன் என்றேன். இரண்டும் உண்மைதானே?" என்று எழுந்து உள்ளே போனார். தண்டனையாக இரண்டு வாரம் ஹவுழ் கழுவினோம். மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இறுதிப் போட்டி. அந்த இரவு ஹஸரத்தின் அறை வானொலி முற்றத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்தது. அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை கிண்ணத்தை எடுத்தது. அவர் எங்களைப் பார்க்காமல், தஸ்பீஹை உருட்டியபடி புன்னகைத்தார்.

இன்று அவர் மண்ணறையில் இருக்கிறார். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்குவானாக. சர்வதேசப் போட்டிகள் பல்லேகலைக்கு மாறிவிட்டன. யாழ்ப்பாண நண்பன் போர் முடிந்தபின் சோனக தெருவுக்குத் திரும்பிப் போய்ச் சிறிய கடை வைத்திருக்கிறான். அவனுடைய மகன் பந்து வீசிப் பழகுவது ஜின்னா மைதானத்தில்தான்.

2023 செப்டம்பரில், ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் பல்லேகலையில் மோத இருந்த வாரம். என்னிடம் ஓதும் பிள்ளைகள் நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் தொண்டையைச் செருமினான். "ஹஸரத், கண்டியில ஒரு வலீமா..." என்று தொடங்கினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வலீமா எத்தனை மணிக்கு? நாணயச் சுழற்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். நால்வரும் தலை குனிந்தார்கள்.

அன்று மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றது. ஆனாலும் அவர்கள் உண்மையைச் சொல்லிப் போனார்கள். கையில் என் கடிதமும், தொலைபேசி இலக்கமும் இருந்தன. கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: "இவர்கள் என் பிள்ளைகள்."

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளைகள் உண்மையைச் சொல்லிக் கேட்கக்கூடிய தூரத்தில் நாம் இருக்கிறோமா? தனியே நிறுத்தப்படும் ஒருவனை நம்முடையவன் என்று சொல்ல நமக்கு வாய் வருகிறதா? எனக்கு அன்று வரவில்லை. வேன் அய்யாவுக்கு வந்தது, ஹஸரத்துக்கு வந்தது. அந்த இருவருடைய வரிசையில் நம்மையும் அல்லாஹ் சேர்ப்பானாக. ஆமீன்.