கண்ணாடியும் ஓர் அமானிதம்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்குவது இயல்பு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சியை இழந்து, அண்மைப் பொருள்களைக் குவித்துக் காணும் ஆற்றல் தளர்கிறது. பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைத்தம் ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதியது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மூக்குக்கண்ணாடி இத்தாலியில் தோன்றியதோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு முன் வாழ்ந்த ஆலிம்களிலும் எழுத்தர்களிலும் எத்தனை பேர் பார்வை மங்கியதால் கிதாபை மூடி வைத்தார்களோ! அவர்களுக்குக் கிட்டாத நிஅமத் இன்று நம் மூக்கின் மேல் அமர்ந்திருக்கிறது.

மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதுவது என் உம்மாவின் நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு அவர்கள் ஓதும் அளவு மெல்லக் குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று. "கண்ணு போயிடுச்சு வாப்பா. இனி மனப்பாடமா இருக்கிற சூராக்களை மட்டும் ஓதிக்கிறேன்" என்றார்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணில் கோளாறு இல்லை, பவரும் மாறவில்லை. மருத்துவர் கண்ணாடியை விளக்கொளியில் உயர்த்திக் காட்டினார். சேலைத் தலைப்பால் பல்லாண்டுகள் துடைத்த வில்லையில் நுண்ணிய கீறல்கள் வலைபோல் படர்ந்திருந்தன. 'பா', 'தா', 'ஸா' மூன்றுக்கும் வடிவம் ஒன்றே, புள்ளிதான் பிரிக்கிறது. அந்தப் புள்ளி கலங்கினால் ஓதுபவர் எப்படித் துணிந்து ஓதுவார்? பழைய ஃபிரேமில் புதிய வில்லை பொருத்தினோம். விட்ட இடத்திலிருந்து உம்மா மீண்டும் ஓதத் தொடங்கினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைய வில்லைகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கால் ஆனவை. எடை குறைவு, ஆனால் எளிதில் கீறல் விழும். அவற்றின் மேல் படியும் தூசியில் மணல் துகள்கள் உண்டு. உலர்ந்த நிலையில் சட்டை நுனியாலோ கைலியாலோ துடைத்தால், அத்துகள்களைக் கொண்டு வில்லையைத் தேய்த்தவர்களாவோம். எனவே முதலில் நீர், பிறகு துணி. மெல்லிய ஓட்டமாய் விழும் குளிர்ந்த நீரில் தூசியைக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளியை விரல் நுனியால் இரு புறமும் தடவி, மீண்டும் கழுவி, கடையில் தந்த மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அந்தத் துணியையும் அவ்வப்போது துவைக்க வேண்டும். வெந்நீரும், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பமும் வில்லையின் மேற்பூச்சைக் கெடுக்கும். ஒரு கையால் இழுத்துக் கழற்றினாலும், தலைமேல் ஏற்றி வைத்தாலும் காது தண்டுகள் அகன்று விடும். இரு கைகளால் கழற்றுவதே முறை.

தொழுகையாளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒளூச் செய்யும்போது கண்ணாடியை ஹவுழின் விளிம்பில் வைத்தால், ஒரு கை பட்டாலே நீரில் விழும். முகத்தைத் துடைக்காமல் அணிந்தால், உப்பு மிகுந்த நீர் வில்லையில் காய்ந்து வெண்புள்ளியாகும். சுஜூதில் நெற்றியும் மூக்கும் தரையில் படக் கண்ணாடி தடையாயின் கழற்றிவிட வேண்டும். சட்டைப் பையில் செருகினால் ருகூவில் நழுவும். ஸஃப்பின் நடுவே வைத்தால் பிறர் காலில் மிதிபடும். கூட்டில் இட்டுச் சுவரோரம் வைப்பது நமக்கும் நலம், பக்கத்தில் நிற்பவருக்கும் நிம்மதி.

உங்கள் இல்லத்தில் ஓதுவதையோ வாசிப்பதையோ குறைத்துக்கொண்ட முதியவர் இருக்கிறாரா? இன்றே அவருடைய கண்ணாடியை வாங்கிக் கழுவி, வெளிச்சத்தில் உயர்த்திப் பாருங்கள். கீறல் தெரிந்தால் வில்லையை மாற்றிக் கொடுங்கள். வில்லை தெளிவாக இருந்தும் அவருக்கு மங்கலாகத் தெரிந்தால், கண்புரையாக இருக்கலாம்; தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதுமை என்று எண்ணி அவர்கள் வாய்மூடி இருந்துவிடுவார்கள். கேட்டறிய வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாம்தாம்.