கோமுகி மணலும் நிலவுத் தூளும்

நிலவில் மண் அள்ளும் எந்திரம் ஒன்றை உருவாக்க முனையும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் மோட்டாரிலும் கேமராவிலும் தொடங்குகின்றன. முதலில் கைவரவேண்டியதோ மண்ணைப் பற்றிய அறிவு. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் மணலில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, அது நிலவிலும் ஓடும் எனக் கொள்வது பிழை. ஆற்றுமணலை நீர் நெடுங்காலம் உருட்டி முனை மழுக்கியிருக்கிறது. நீரும் காற்றும் இல்லாத நிலவிலோ, விண்கற்கள் மோதி நொறுக்கிய பாறைத்தூளாகிய ரெகோலித், கண்ணாடிச் சில்லைப்போல் கூர் மழுங்காமல் கிடக்கிறது. அத்தகைய தூளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல்தடம் கலையாமல் நிற்கும். அதுவே பேரிங்குக்குள் புகுந்தால் உருளைகளைத் தேய்த்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட், அதாவது கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் கனிமத்தாலான வெளிர்நிறப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 திட்டத்துக்காக அதை அரைத்து இஸ்ரோ உருவாக்கிய மாற்று நிலவுமண்ணுக்கு 2020 மே மாதத்தில் காப்புரிமை கிடைத்தது. அம்முயற்சியில் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் பங்குண்டு. கல்வராயன் மலையின் சார்னோக்கைட் என்னும் பாறை கனிமச் சேர்க்கையில் வேறுபட்டது. ஆயினும் சக்கரத்தின் பிடிப்பையும் தோண்டும் விசையையும் சோதிக்கத் துகளின் அளவும் வடிவமுமே முதன்மை என்பதால், அப்பாறையை உடைக்கும் கிரஷர்களில் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலோடு வரும் கல்தூள், ஆற்றுமணலைவிட மிகப் பொருத்தமானது.

அடுத்த தடை எடை. பொக்லைன் மண்ணைக் கிழிப்பது அதன் பாரத்தை ஊன்றிக்கொண்டுதான். நிலவின் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஆறிலொரு பங்கே என்பதால், 60 கிலோ எந்திரம் அங்கே 10 கிலோ பொருள் இங்கே அழுத்துமளவே அழுத்தும். வாளி மண்ணில் இறங்குவதற்குப் பதிலாக வண்டியே பின்வாங்கும். 2010 முதல் மாணவர்களுக்கு லூனபாட்டிக்ஸ் என்னும் எந்திரப் போட்டியை நடத்திவரும் நாசா, ரேசர் என்னும் தன் எந்திரத்தில் முன்னும் பின்னும் வாளிப் பற்கள் பதித்த உருளைகளை எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டு, ஒன்றின் உந்தலை மற்றொன்று ஈடுசெய்யுமாறு இதனைத் தீர்த்தது. பெரிய மோட்டாரைத் தேடுவதைவிடச் சிறந்த வழி இது.

கல்தூளைச் சலிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் முகக்கவசம் அணியவேண்டும். கல்தூளிலுள்ள சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து ஏற்படுத்தும் பாதிப்பு மீளாதது.