எங்கிருந்தோ வந்த ஒரு கேசட்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நம்ம பள்ளியில் படித்த பையன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பையன் என்கிறேன், அவனுக்கே மீசையில் நரை விழுந்துவிட்டது. திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கறுப்பு டி-சர்ட், நடுவில் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் உள்ளே போய் மறுபக்கம் வானவில்லாக வெளியே வருகிறது. "சார், நீங்க எட்டாவதுல நடத்துன முப்பட்டகமுங்க. வெளிநாட்டு ஆர்டர்ல வந்துருச்சு" என்று குரல் பதிவும் போட்டிருந்தான்.

போன் செய்து கேட்டேன். அது பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு 1973இல் போட்ட இசைத்தட்டின் அட்டைப்படமாம். புரோகிரசிவ் ராக் என்று அந்த இசைக்குப் பெயராம். ஒரே பாட்டு 23 நிமிடம் ஓடும் என்றான். எங்கள் காலத்தில் 23 நிமிடத்தில் ஒரு பாட வேளையில் பாதி முடிந்துவிடும். அவன் சொன்ன கதைதான் எனக்குப் பிடித்தது. அந்தக் குழுவில் பாட்டெழுதி முன்னால் நின்ற ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ஒரே ஒரு சாயங்காலம் நாலு பேரும் மேடையில் சேர்ந்து நின்றார்கள். அதன் பிறகு புதிதாக ஒரு இசைத்தட்டுப் போடுவார்கள் என்று உலகம் முழுக்கக் காத்திருந்தது. 2008இல் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் இறந்துபோனார். 2014இல் ஒரு தட்டு வந்தது. அது முன்பு ரைட் வாசித்துவைத்த பழைய பதிவுகளை எடுத்து ஒட்டவைத்துச் செய்தது. வாட்டர்ஸ் அதில் இல்லை. "காலம் போயிருச்சுங் சார்" என்றான் பையன். ஏசியா என்று இன்னொரு குழுவின் முதல் நாலு பேரும் 2006இல் ஒன்று சேர்ந்து 2008இல் புதுத்தட்டே போட்டுவிட்டார்களாம். ஆக, சிலருக்கு அமைகிறது.

அந்த பிங்க் ஃபிளாய்ட் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். 1965 என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே 1965இல்தான் நம்ம ஊரில் ஒரு ஜோடி பிரிந்தது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி.

இளசுகளுக்காகச் சொல்கிறேன். இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952இல் அவர் திடீரென்று மறைந்தார். அதே வருடம் கலைவாணர் என்.எஸ்.கே. எடுத்த 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. ராமமூர்த்தி வயலின்காரர், வயதில் ஆறு வருடம் மூத்தவர். விஸ்வநாதன் ஹார்மோனியம். மூத்தவர் பெயர் பின்னால், இளையவர் பெயர் முன்னால். அதன்பின் பதின்மூன்று வருடம். பாவ மன்னிப்பு, பாலும் பழமும், நெஞ்சில் ஓர் ஆலயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1964 ஒன்றைப் பாருங்கள். கர்ணனுக்கு இந்துஸ்தானி ராகங்கள், காதலிக்க நேரமில்லைக்கு துள்ளல், புதிய பறவைக்கு மேடை நிறைய வாத்தியம். மூன்றும் ஒரே வருடம்! மெட்டு யாருடையது, நடுவில் வரும் வயலின் யாருடைய யோசனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாலில் கலந்த தண்ணீரை யார் பிரிப்பது?

ஆயிரத்தில் ஒருவனோடு ஜோடி முடிந்தது. ஏன் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை உண்டு, நான் அதற்குள் போகவில்லை. பிரிந்த பிறகு விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ராமமூர்த்தி தேன் மழை, மறக்க முடியுமா, சாது மிரண்டால் என்று நல்ல படங்கள் செய்தார், ஆனால் வாய்ப்பு குறைந்துகொண்டே போனது. இன்றைக்கும் டி.வி.யில் அந்தப் பழைய பாட்டைப் போட்டுவிட்டு "எம்.எஸ்.வி. இசையில்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெயர் விழுங்கப்பட்டுவிடுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று குத்தும். காரணம் இருக்கிறது.

பழைய மாணவர்களுக்கு பெட்டி சாரையும் தபேலா சாரையும் மறந்திருக்காது. பெட்டி சார் நான்தான். தபேலா சார் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆண்டுவிழா, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி எதுவானாலும் நாங்கள் இருவரும்தான். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 1991இல் குழுப்பாடல் போட்டிக்கு நம் பிள்ளைகளைக் கோயமுத்தூர் கூட்டிப்போனோம். முதல் பரிசு. மேடையில் பயிற்சியளித்த ஆசிரியர் என்று என் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். சான்றிதழிலும் என் பெயர் மட்டும். அண்ணா கீழே பிள்ளைகளோடு நின்று கைதட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பல்லடம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "அவங்க விட்டுட்டாங்க போலிருக்குங்ணா" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து நான் அவருக்கு "ஏனுங் சார்" ஆகிவிட்டேன். நாலு வருடம். ஒரே பள்ளி, அடுத்தடுத்த வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவைக்கூடக் கையில் தரமாட்டார், மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஆண்டுவிழாவுக்கு டேப் ரிக்கார்டரில் பாட்டுப் போட்டு ஆடவைத்தோம். பெட்டி வீட்டுப் பரணுக்குப் போனது.

1995இல் ஒரு சனிக்கிழமை சம்பளக் காசோடு திருப்பூர் போயிருந்தேன். கேசட் கடை முழுக்க பம்பாயும் பாட்ஷாவும் முழங்கிக்கொண்டிருந்தது. மூலையில் சத்யராஜ் படம் போட்ட கேசட் ஒன்று. எங்கிருந்தோ வந்தான். மலையாள 'சித்திர'த்தைச் சந்தான பாரதி தமிழில் எடுத்த படம். படத்தைப் பார்க்காமல் கீழே அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். இசை: விஸ்வநாதன் – ராமமூர்த்தி. முப்பது வருடம் கழித்து, நடுவில் அதே சின்னக் கோட்டோடு. கடைக்காரர் "அது ஓடாதுங், வேற எடுத்துக்குங்க" என்றார். வாங்கிக்கொண்டு அவிநாசிபாளையம் பஸ் ஏறினேன்.

ராத்திரி இரண்டு பக்கமும் கேட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஏமாற்றம்தான். நான் 1964ஐ எதிர்பார்த்தேன், வந்தது 1995. அந்தக் காலத்தில் பாடகர், வயலின்கள், தபேலா எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். கடைசி வரியில் ஒருவர் தப்பினாலும் முதலிலிருந்து. அதனால் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்கும். 95க்குள் எல்லாம் தனித்தனித் தடமாகிவிட்டது. கண்ணதாசனும் இல்லை, அவர் போய் பதினாலு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தால் போதுமா, அந்தக் கூடமும் திரும்பி வரவேண்டுமே. ஆனாலும் மூன்றாம் முறை கேட்டபோது அங்கங்கே பழைய வளைவுகள் தட்டுப்பட்டன. வயதான இருவர் சாலையில் சேர்ந்து நடக்கும்போது ஒருவருக்காக இன்னொருவர் வேகத்தைக் குறைப்பார்களே, அப்படி. படமும் பெரிதாக ஓடவில்லை. கடைக்காரர் சொன்னது சரி.

திங்கட்கிழமை காலை அந்த கேசட்டைப் பதிவேட்டின் மேல் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட வந்தார். எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் இன்டர்வெல்லில் வேப்பமரத்தடியில் வந்து நின்றார்.

"கேட்டனுங். பழைய மாதிரி இல்ல."

"இல்லீங்."

"இருந்தாலும் போட்டாங்க பாரு, ரெண்டு பேரையும்." கொஞ்ச நேரம் கழித்து, "பெட்டி நல்லா இருக்குதா தம்பி?"

அந்த வருட ஆண்டுவிழாவில் நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு ரஹ்மான் பாட்டுதான் வேண்டியிருந்தது, எங்களுக்குக் கைதட்டல் சுமார்தான். எனக்குச் சுருதி இரண்டு இடத்தில் போனது. அண்ணா சிரித்துக்கொண்டே தாளத்தை இழுத்துச் சமாளித்தார்.

2012இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்த இருவருக்கும் திரையிசைச் சக்கரவர்த்தி பட்டமும் ஆளுக்கு 60 தங்கக் காசும் காரும் கொடுத்தார். அடுத்த வருடம் ராமமூர்த்தி போனார், 2015இல் விஸ்வநாதன். அந்த விழாவை டி.வி.யில் அண்ணாவும் நானும் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, அவருடைய சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணா இப்போது கொடுவாயில் மகள் வீட்டில் இருக்கிறார். கை நடுங்குகிறது, தபேலா தொடுவதில்லை. கண்ணும் சரியில்லை. என் பதிவுகளைப் பேத்திதான் படித்துக்காட்டுகிறது. அம்மிணி, இதை நிறுத்தாமல் தாத்தாவுக்குப் படி.

அண்ணா, 1991இல் அந்தப் போட்டி விண்ணப்பத்தை எழுதியது நான். பயிற்சியளித்தவர் என்ற இடத்தில் கோடு நீளமாகத்தான் இருந்தது, இரண்டு பெயர் தாராளமாகப் பிடிக்கும். நான் என் பெயரை மட்டும் எழுதினேன். யாரும் விட்டுவிடவில்லை.

பெட்டியின் துருத்தி கிழிந்திருந்தது, ஒட்டக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு காலை டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன். வரவேண்டாம் என்று தாத்தா சொன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு, அம்மிணி.