'நாம்' என்று நாம் சொல்லும் அணி எது?

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. அவரை வெளியே நிறுத்துவது 'நாங்கள்'. மராத்தியிலும் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று இதே பாகுபாடு உண்டு. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இல்லை. வீட்டில் தமிழும் வெளியில் மராத்தியும் புழங்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் இவ்வேறுபாட்டை இரு மொழிகளிலும் கையாள்பவர்கள். ஆனால் கால்பந்தைப் பற்றிய பேச்சில் இச்சொற்கள் விசித்திரமாக இடம்மாறுகின்றன. பார்சிலோனா வென்ற மறுநாள் "நேத்து நாம ஜெயிச்சிட்டோம்" என்கிறார் ஒரு ரசிகர். இந்திய அணி தோற்றால் அவரே "அவங்க தோத்துட்டாங்க" என்கிறார். ஒருமுறைகூடப் போயிராத ஊரின் அணி தன்மையாகவும், தன் நாட்டு அணி படர்க்கையாகவும் ஆகிவிடுகின்றன.

இந்த இடமாற்றத்தின் விலையைச் சுனில் சேத்ரியின் வாழ்க்கையில் காணலாம்.

சேத்ரி 1984இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். 2002இல் மோகன் பகானில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக நாட்டுக்காக முதன்முறை ஆடி, அன்றே கோலும் அடித்தார். 2009இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. ஆனால் பணி அனுமதி மறுக்கப்பட்டது. வீரரின் நாட்டு அணி ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தியா அதற்கு வெகு கீழே இருந்தது.

2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அணியில் சேர்ந்தார். லீக் போட்டியில் ஒருமுறைகூட இறக்கப்படவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அவரை எடுத்தது. அதன் 'பி' அணிக்காக லீக்கில் மூன்றே ஆட்டங்கள் கிடைத்தன. சில மாதங்களில் நாடு திரும்பினார். அவருடைய வெளிநாட்டுக் கணக்கு ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் இங்கிலாந்தில் அவரைத் தடுத்த விதி ஒரு தனிமனிதரின் கால்களை அளக்கவில்லை. அவர் பிறந்த நாட்டின் இடத்தை அளந்தது. தரவரிசை தாழ்ந்திருப்பதால் வீரர் வெளியே போக முடிவதில்லை. வெளியே போகாததால் உயர்நிலை ஆட்டத்தின் பழக்கம் அணிக்குள் வருவதில்லை. அதனால் தரவரிசை ஏறுவதில்லை; பார்வையாளரும் வருவதில்லை. பார்வையாளர் வராத கழகத்தை நிறுவனங்கள் எத்தனை காலம் தாங்கும்? மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. சேத்ரி மூன்று பருவங்கள் ஆடிய பஞ்சாபின் ஜே.சி.டி. மறு ஆண்டே கலைக்கப்பட்டது. 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நடத்திய நகரம் மும்பை. அந்தப் போட்டியும் இன்று இல்லை.

இந்த வட்டத்தை அவர் எதிர்கொண்ட விதம் 2018 ஜூன் மாதம் அந்தேரியில் வெளிப்பட்டது. மும்பை கால்பந்து அரங்கில் நான்கு நாடுகளின் போட்டி. ஜூன் 1 அன்று சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. அவற்றில் மூன்று கோல்கள் சேத்ரியுடையவை. பார்த்தவர்கள் 2,569 பேர். "ஜெயித்தால் வருவோம்" என்ற வாதம் அன்றைக்குச் செல்லவில்லை.

மறுநாள் அவர் ஒரு காணொளி வெளியிட்டார். ஐரோப்பியக் கழகங்களின் ரசிகர்களிடம், எங்கள் தரம் அங்கே இருப்பது போன்றதன்று என்று ஒப்புக்கொண்டார். உங்கள் நேரம் வீணாகாதபடி முயல்வோம், திட்டுவதானாலும் அரங்குக்கு வந்து திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசிய ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழாக்கினால் ஒவ்வொரு இடத்திலும் 'நாங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கும். கேட்பவர் வெளியே நிற்கிறார் என்பதை அறிந்தே அவரை உள்ளே அழைத்த பேச்சு அது.

ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டம். நாட்டுக்காக அவருடைய நூறாவது ஆட்டம். நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. கொட்டும் மழையில் நிறைந்த அரங்கின் முன் இந்தியா 3-0 என்று வென்றது. அவர் இரண்டு கோல்கள் அடித்தார். ஜூன் 10 இறுதி ஆட்டத்தில் மீண்டும் கென்யா. இரு கோல்களும் அவருடையவை. அத்துடன் அவருடைய பன்னாட்டுக் கோல்கள் 64 ஆயின. அன்றைய நிலையில் மெஸ்ஸியின் எண்ணிக்கையும் அதுவே.

இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. எதிரணிகளின் வலிமை வேறு, போட்டிகளின் தரம் வேறு. நல்ல ஆட்டத்தைத் தேடிப் பார்க்கும் உரிமையும் ரசிகருக்கு உண்டு. பார்சிலோனாவை நேசிப்பது துரோகமாகாது. ஒன்றை நேசிக்க மற்றொன்றைப் படர்க்கைக்குத் தள்ள வேண்டுமா என்பதே கேள்வி. ஐரோப்பியக் கழகங்கள் முதலில் தம் ஊர்க்காரர்களின் வருகையால்தான் வளர்ந்தன. உலகம் அவற்றை 'நாம்' என்று சொல்லத் தொடங்கியது பிற்பாடு.

சேத்ரி 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிப் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அப்போது அவருடைய கோல்கள் 94. மறு ஆண்டு மார்ச்சில், நாற்பது வயதில், மீண்டும் அழைக்கப்பட்டுத் திரும்பினார். மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அவருடைய உடலுறுதியைப் பாராட்டும் அதே வேளையில், அவருடைய இடத்தை நிரப்ப ஒருவர் உருவாகியிருக்கவில்லை என்ற உண்மையையும் அந்தத் திரும்புதல் சொல்லிவிடுகிறது. உருவாக வேண்டியவர் இன்று தாராவியின் ஏதோ ஒரு சந்தில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கலாம். அவருடைய சட்டையின் முதுகில் மெஸ்ஸியின் பெயர் இருப்பதில் தவறில்லை. அவர் வளர்ந்து ஆடவரும் நாளில் அரங்கில் ஆட்கள் இருக்க வேண்டும்.

தாராவியை ஒட்டிய மாஹிம் நிலையத்திலிருந்து அந்தேரி, மெதுவண்டியில் ஐந்தாவது நிறுத்தம். செம்பூரிலிருந்து போவோர் வடாலாவில் வண்டி மாற வேண்டும்.