சிவாஜி நகரில் ஒரு கரியடுப்பு

பெங்களூருவில், 1927-இல் கட்டப்பெற்ற ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த சிவாஜி நகர்த் தெருக்களில் மாலையில் நடப்போர் நாசியை முதலில் எட்டுவது தணலில் வாடும் இறைச்சியின் மணமே. முன்னர் பிளாக்பள்ளி என வழங்கிய இப்பகுதியில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கலந்தொலிக்கும். இக்காலத்தார் பார்பிக்யூ என்றழைக்கும் அடுப்பொன்றை வாடகை வீட்டு மாடிக்கு வாங்க எண்ணி, நாமும் அண்மையில் அவ்வழியே சென்றோம்.

முதலில் கபாப் கடைகளின் அடுப்பைக் கவனித்தோம். நீண்ட இரும்புத் தொட்டி, மூடி கிடையாது. கம்பியில் கோத்த சிறு துண்டுகள் சில நிமிடங்களில் வெந்துவிடுகின்றன. நம் பாட்டியரின் குமுட்டிக்கு இது நெருங்கிய உறவு! முழுக் கோழி வாட்டுவோர்க்கே மூடி வேண்டும். அது வெப்பத்தைச் சுழலவிட்டு உள்வரை வேகவைக்கும். 1952-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பார் நீர்மிதவைக் கோளத்தைப் பகுத்து அமைத்த மூடியடுப்பு இவ்வகையில் பெயர்பெற்றது.

கடைதோறும் தகட்டைத் தட்டிப் பார்த்தோம். மெலிந்த தகடு மாடிமழையில் விரைவில் துருவேறும். துத்தநாகம் பூசியது கண்ணைப் பறிப்பினும் கடும் வெப்பத்தில் நச்சுப்புகை கக்கும், அதனைத் தவிர்த்தோம். அடியில் காற்றுத்துளை இல்லாததையும் ஒதுக்கினோம்.

கடைக்காரர் ஒருவர், குளிர்காலத்தில் இதை அறைக்குள்ளும் வைத்துக் காயலாம் என்றார். அன்பர்களே, அதற்கு ஒருபோதும் உடன்படாதீர். கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; கதவடைத்து உறங்குவோர் விழிப்பதற்கு முன்பே உயிரைக் கவர்ந்துவிடும்.

முடிவில் கனத்த இரும்பில் மூடியற்ற தொட்டியொன்றைப் பேரம்பேசி வாங்கினோம். வீட்டுக்காரர் புலால் உண்ணாதவர். ஆதலின் அவரிடம் முன்னரே சொல்லி, புகை அவர் சாளரத்துக்குச் செல்லாத மூலையில் வைத்தோம். முதல்நாள் வாட்டியது மக்காச்சோளம். அவருக்கும் இரண்டு அனுப்பினோம்.