பழைய பொட்டியும் அப்பாவின் கடிதங்களும்

போன தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பொட்டி வெளியே வந்தது. 2005-ல் புனே வந்த புதிதில் வாங்கிய டெஸ்க்டாப். 40 ஜிபி டிஸ்க், 256 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. அன்றைக்கு அதுவே பெரிய விஷயம், சிரிக்காதீர்கள். புது லேப்டாப் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "இன்னிக்கு பங்கார்வாலா வரும்போது போட்டுடலாம்"னு தங்கமணி தீர்ப்பு சொல்லியாச்சு.

நானும் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டேன். பொட்டியை உயிர்ப்பித்து, மை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் ஏற்றினேன். கல்யாண போட்டோ, பெண்ணின் முதல் பிறந்தநாள், 2007 வருமான வரி கணக்கு எல்லாம் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று ஒயரைக் கழற்றப் போனேன்.

"ஏங்க, மாமா எழுதின மெயில் எல்லாம்?" என்றாள்.

அது ஜிமெயிலில் இருக்குமே என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். இல்லை. அப்போது நான் வைத்திருந்தது இணைய இணைப்பு கொடுத்த கம்பெனியின் மின்னஞ்சல். அவுட்லுக் எக்ஸ்பிரஸ், பாப் முறை. கடிதத்தை நம் கணினிக்கு இறக்கிய கையோடு சர்வரிலிருந்து அழித்துவிடும், நாமாக 'ஒரு பிரதி அங்கேயும் இருக்கட்டும்' என்று டிக் அடித்தால் ஒழிய. நான் அடிக்கவில்லை. 2011-ல் வீடு மாறியபோது இணைப்பை வெட்டினோம், முகவரியும் போச்சு. ஆக, அப்பாவின் கடிதங்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன: பங்கார்வாலாவுக்காக வாசலில் காத்திருந்த அந்தப் பொட்டியில்.

கொஞ்சம் கொசுவத்தி. அப்பா மன்னார்குடியில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்கு மேல் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தமிழ் தட்டச்சு கற்றுக்கொண்டார். மென்பொருள் பெயரும் முரசு அஞ்சல். "ரிடையர் ஆகியும் அஞ்சலை விடலைடா"ன்னு போனில் சிரிப்பார். வாராவாரம் ஒரு கடிதம். மேட்டூர் திறந்தாச்சு, பாமணி ஆத்துக்கு இன்னும் தண்ணி வரலை, எதிர்வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி. இப்படி 2009 வரை. 2010-ல் அப்பா போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு எக்ஸ்பி பொட்டி பரணில் கிடந்தால் ஒரு விஷயம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்கள் மை டாக்குமெண்ட்ஸில் இருக்காது. லோக்கல் செட்டிங்ஸ் என்ற மறைத்துவைக்கப்பட்ட ஃபோல்டருக்குள், ஐடென்டிடீஸ் என்பதற்குள், வாயில் நுழையாத ஒரு நீள எண்ணுக்குள் இருக்கும். இன்பாக்ஸ் மொத்தமும் ஒரே டிபிஎக்ஸ் கோப்பு, சென்ட் ஐட்டம்ஸ் இன்னொன்று. அந்தக் கோப்புகளைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் புதுக் கணினி நேரடியாகத் திறக்காது. விஸ்டாவிலேயே அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் தூக்கிவிட்டார்கள். சுலபமான வழி, பழைய பொட்டியிலேயே அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து, எல்லாக் கடிதங்களையும் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் ஒரு காலி ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுவது. ஒவ்வொரு கடிதமும் தனித்தனி இஎம்எல் கோப்பாக விழும். தண்டர்பேர்ட் அதைத் திறக்கும்.

112 கடிதங்கள் விழுந்தன. லேப்டாப்பில் திறந்தால், தமிழைக் காணோம். ஐரோப்பிய எழுத்துகள் தலையில் தொப்பியும் புள்ளியுமாக வரிசை கட்டி நின்றன. அப்பா எழுதியது திஸ்கியில். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் இணையத்தமிழ் பாதி அதில்தான் ஓடியது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துரு மாற்றியில் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். தமிழ் வந்தது, ஒரு குறையோடு.

'ங்கே மழை ல்லை. ட்லிக்கடை மூடிவிட்டார்கள்.'

எல்லா 'இ'யும் விழுந்திருந்தது. திஸ்கியில் 'இ' உட்கார்ந்திருக்கும் இடம், சாதாரண ஆங்கிலக் குறியாக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஹைஃபனுக்கு உரியது. நடுவில் ஏதோ ஒரு மென்பொருள் அதைக் குப்பை என்று தின்றுவிடும். கையால்தான் போடவேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து கடிதம் சரிசெய்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். எங்களோடுதான் இருக்கிறார். என் பெண்ணுக்கு மராத்தியும் ஹிந்தியும் சரளம், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

2008 ஜூலைக் கடிதம் ஒன்று. 'நான் நலம். இந்த வாரம் கொஞ்சம் அலைச்சல், அதனால் தாமதம்.'

அம்மா குறுக்கிட்டார். "அலைச்சலாவது ஒண்ணாவது. நெஞ்சுவலின்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கிடந்தார். நீ புது ப்ராஜக்ட்ல இருக்கே, சொல்லாதேன்னுட்டார். வந்த மறுநாளே பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் தூங்கப் போனபிறகு சென்ட் ஐட்டம்ஸில் தேடினேன். அவருடைய 112 கடிதங்களுக்கு நான் போட்ட பதில் 19. இதற்கும் ஒன்று போட்டிருந்தேன், ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'சரிப்பா. ஆபீஸ்ல பிஸி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடறேன்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேனா என்று அம்மாவிடம் கேட்கவில்லை.

டிஸ்க்கை மட்டும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு மிச்சப் பொட்டியை பங்கார்வாலாவிடம் கொடுத்தாச்சு. எடை போட்டு முன்னூறு ரூபாய் தந்தார். கடிதங்களை இரண்டு பென் டிரைவிலும் ஜிமெயிலிலும் போட்டுவைத்திருக்கிறேன். இன்னும் 41 பாக்கி, ஒவ்வொன்றாக 'இ' போட்டுக்கொண்டிருக்கிறேன்.